கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன்

நோபல் பார்க்
மெல்பேர்ன்
12 ஒக்டோபர் 2025

மிருணாளினிக்கு,

உறையில் என் கையெழுத்தைக் கண்டதும் யாரோ செத்துப்போனார்கள் என்று பயந்திருப்பாய். ஒருவரும் சாகவில்லை. இங்கே எல்லோரும் சுகம்.

மகள் சுஜீவா பெரியபிள்ளையானதுக்குச் செய்த சாமத்தியவீட்டு நாளிலிருந்து ஆறு வருசமாக உன்னோடு கதை பேச்சில்லாத அண்ணன் இப்போது ஏன் எழுதுகிறான் என்று யோசிப்பாய். அன்றைக்கு டண்டினொங் மண்டபத்து வாசலில், அவ்வளவு சனத்துக்கு முன்னால், "இனி உன்னோட ஒரு சொல் கதைக்க மாட்டன்" என்றேன். சொன்னது சொன்னதுதான். ஆனால் கதைக்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். எழுத மாட்டேன் என்று சொல்லவில்லை. ஆகையால் இதைப் படித்துவிட்டு போன் அடிக்காதே. அடித்தாலும் நான் எடுக்க மாட்டேன்.

விசயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு சாப்பாட்டு மேசையில், இடியப்பத்தைப் பிய்த்துக்கொண்டே என் மகள் சொன்னாள்: "அப்பா, நான் சிட்னியில ஒரு கொலிஜுக்கு அப்ளை பண்ணிட்டன்." மெடிசினா என்று கேட்டேன். இல்லையாம். சட்டமா? அதுவும் இல்லையாம். "லிபரல் ஆர்ட்ஸ்" என்றாள். ஆர்ட்ஸ் என்றால் படம் கீறுவதா என்று உன் அண்ணி கேட்டாள். அதுவுமில்லையாம். முதல் வருசம் எல்லோரும் ஒரே புத்தகங்களைப் படிப்பார்களாம். பிறகு பன்னிரண்டு பேர் ஒரு மேசையைச் சுற்றி இருந்துகொண்டு அவற்றைப் பற்றிக் கதைப்பார்களாம். கதைப்பதற்கு ஒரு பட்டமாம்! எங்கள் சனத்தில் கதைப்பதற்கு ஆட்கள் குறைவென்றா சிட்னிவரை போகவேண்டும்?

எந்தக் கொலிஜ் என்று கேட்டேன். "மாமி படிப்பிக்கிற கொலிஜ்" என்றாள். அதோடு இடியப்பத்தைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பிவிட்டேன்.

நொவம்பர் கடைசியில் நேர்முகம் வைப்பார்களாம். நீதான் அந்தக் குழுவில் இருக்கிறாய் என்று உங்கள் இணையத்தளத்தில் பார்த்தேன். உலகத்தில் எல்லோரும் பிள்ளைக்கு இடம் எடுத்துத்தரச் சொல்லித்தான் சொந்தக்காரரைப் பிடிப்பார்கள். நான் இடம் கொடுக்காதே என்று கேட்கிறேன். பிள்ளையைத் தள்ளிவிடு. கஷ்டமான கேள்வியாக ஒன்றைக் கேள், முடிந்தது வேலை. அவளுடைய கெட்டித்தனத்துக்கு இங்கே மெல்பேர்னில் பயோமெடிசின் கிடைக்கும். அங்கிருந்து மெடிசினுக்குப் போகலாம். ஒரு மாதம் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருப்பாள், பிறகு சரியாகிவிடும்.

அன்றைக்கு மாமி என்று ஆலாத்தி எடுக்க வந்தவள், பிள்ளைக்கு எதிர்த்துக் கதைக்கச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாய். உடுப்பு மாற்றும் அறைக்குள் அவளோடு இருந்தவள் நீ ஒருத்திதான். வெளியே வரமாட்டேன் என்று பிள்ளை உள்ளே நிற்க, வீடியோக்காரன் என்னைப் பார்க்க, சனம் மணிக்கூட்டைப் பார்த்தது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் ஆறவில்லை. அதற்குப் பரிகாரமாக இந்த ஒன்றையாவது செய்.

இதை எழுதுவது உன் அண்ணி ரஞ்சினிக்குத் தெரியாது.

விக்னராஜா

*

ஆஷ்ஃபீல்ட், சிட்னி
19 ஒக்டோபர் 2025

அன்புள்ள அண்ணா,

பயந்துதான் போனேன். உறையை வாசலிலேயே நின்று கிழித்தேன். உங்கள் எழுத்து மாறவேயில்லை. கவுன்சிலுக்கு முறைப்பாடு எழுதுகிற அதே எழுத்து. படித்து முடியும்வரை, குப்பைத் தொட்டியைப் பிழையான நாளில் வெளியே வைத்துவிட்டேனோ என்றுதான் எனக்கு இருந்தது.

முதலில் ஒன்று சொல்கிறேன், நம்புவதும் விடுவதும் உங்கள் விருப்பம். சுஜீவா விண்ணப்பித்தது உங்கள் கடிதத்தில்தான் எனக்குத் தெரியும். இந்த ஆறு வருசத்தில் அவள் எனக்கு ஒரு வரி எழுதியதில்லை. நானும் எழுதவில்லை. உங்கள் வீட்டில் இன்னொரு சண்டைக்கு நான் காரணமாக இருக்கக்கூடாது என்று பேசாமல் இருந்தேன்.

இனி நீங்கள் கேட்ட காரியம். வெள்ளிக்கிழமை காலையிலேயே எங்கள் பீடாதிபதியிடம் போனேன். விண்ணப்பித்தவர்களில் ஒருத்தி என் அண்ணன் மகள், ஆகவே இந்த வருசம் நேர்முகக் குழுவில் நான் இருக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். எடுத்துவிடவும் என்னால் முடியாது, தள்ளிவிடவும் முடியாது. அவள் எழுதிய கட்டுரையைக்கூட நான் பார்க்கமாட்டேன். உங்களுக்கு ஆத்திரம் வரும். வரட்டும். பார்க்கவேண்டும் என்ற ஆசையை அடக்கிக்கொண்டு விண்ணப்பங்கள் இருக்கிற அறையைத் தாண்டிப் போவதற்கு நான் படுகிற பாடு எனக்குத்தான் தெரியும்.

கதைப்பதற்குப் பட்டமா என்று கேட்டிருந்தீர்கள். சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். அந்த மேசையில் இருந்து கதைப்பது லேசில்லை. பதினெட்டு வயதுப் பிள்ளை தான் எழுதியதைத் தானே சத்தமாக வாசிக்கவேண்டும். பக்கத்தில் இருப்பவள் "அது எப்படி?" என்று கேட்பாள். அதற்குப் பதில் சொல்லவேண்டும், அல்லது "நான் நினைச்சது பிழை" என்று சொல்லவேண்டும். இரண்டாவதைச் சொல்லப் பழகுவதற்கே சிலருக்கு மூன்று வருசமும் போய்விடுகிறது.

அவள் இப்போது எப்படி இருக்கிறாள்? நல்ல உயரமா? நகம் கடிப்பதை விட்டுவிட்டாளா?

அன்புடன்
மிருணா

*

நோபல் பார்க்
2 நொவம்பர் 2025

மிருணாளினிக்கு,

பெரிய நேர்மைக்காரி. ஒரு உதவி கேட்டால் ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டு விலகி நிற்கிறாய். நீ உள்ளே இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி. இப்போது முன்பின் தெரியாத நாலு வெள்ளைக்காரரின் கையில் என் பிள்ளையின் வாழ்க்கை.

நேற்று ஸ்பிரிங்வேல் சந்தையில் முருங்கைக்காய் எடுத்துக்கொண்டு நிற்க எங்கள் தெரு ஆனந்தராஜா வந்தான். அவனுடைய மகன் பல் வைத்தியத்துக்குப் படிக்கிறான், அது உலகத்துக்கே தெரியும், இருந்தாலும் இன்னொரு தடவை சொன்னான். பிறகு கேட்டான், "மகள் என்ன செய்யப்போறா?" பார்ப்பம் என்றேன். "என்ன அண்ணை, பயோமெட் எண்டெல்லோ சொன்னனீங்கள்?" என்று முகத்தைக் கூர்ந்து பார்த்தான். நான் முருங்கைக்காயை முறித்து முறித்துப் பார்த்துக்கொண்டு நின்றேன். கடைசியில் கடைக்காரி, முறித்ததெல்லாவற்றையும் நீதான் வாங்கவேண்டும் என்று சொல்லிவிட்டாள். இன்னும் மூன்று நாளைக்கு வீட்டில் முருங்கைக்காய்க் குழம்புதான்.

இன்னொரு விசயம். என்னோடு வேலை செய்கிற கௌரிசங்கரின் மருமகன் உங்கள் பக்கம்தான் வேலை செய்கிறான். உங்கள் கொலிஜையே மூடப்போகிறார்களாம், பிள்ளைகள் வருவது குறைவாம், பெரிய பல்கலைக்கழகம் ஒன்று விழுங்கப்போகிறதாம். இதை நீ எனக்கு எழுதவில்லையே? மூழ்குகிற வள்ளத்தில் என் பிள்ளையை ஏற்றப் பார்க்கிறாய்.

எனக்கு என்ன படிக்க விருப்பம் என்று யாராவது ஒரு நாள் கேட்டார்களா? கணக்கு ஓடுகிறது, இஞ்சினியரிங் என்றார்கள். படித்தேன். இன்றைக்கு அட்டைப்பெட்டி அடிக்கிற தொழிற்சாலையில் மெசின் பார்க்கிறேன். செத்தா போனேன்?

ரஞ்சினிக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. உன் கடிதத்தை எடுத்து வந்து என் முன்னால் போட்டுவிட்டு, "பிள்ளை இன்டர்வியூ குடுக்கட்டும். அதையும் தடுத்தீங்களெண்டால் நான் என்ர தங்கச்சி வீட்ட போயிடுவன்" என்கிறாள். சரி, கொடுக்கட்டும் என்று விட்டுவிட்டேன். வீடியோவில்தானாம் நடக்கும். ஆனால் என் வீட்டில், என் கண்ணுக்கு முன்னால்.

இப்போது பள்ளிச் சோதனைக் காலம். சுஜீவா படிப்பதும் நடப்பதுமாக இருக்கிறாள். அவள் ஹோலில் நடக்கிறாள், நான் கராஜில் நடக்கிறேன். எனக்கும் ஒரு இடத்தில் இருக்கமுடியவில்லை. உன் அண்ணி நடுவில் நின்று இரண்டு பேரையும் ஏசுகிறாள்.

உயரம் என்னளவு. நகம் கடிப்பதை விடவில்லை.

விக்னராஜா

*

ஆஷ்ஃபீல்ட்
9 நொவம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

கௌரிசங்கரின் மருமகன் சொன்னது பாதி உண்மை. மொத்தம் நூற்றெண்பது பிள்ளைகள்தான் படிக்கிறார்கள். இந்த முறை விண்ணப்பங்கள் குறைவு. இணைக்கலாமா என்று ஒரு குழு ஆராய்கிறது. இரண்டு வருசத்தில் எனக்கு வேலை இருக்குமா என்று நானே அறியேன். நூலகத்துக் கூரை ஒழுகுகிறது, அதற்குக் கீழே வாளி வைத்துவிட்டுப் பாடம் நடத்துகிறோம். இதையெல்லாம் நான் மறைக்கவில்லை, நீங்கள் கேட்கவில்லை. சுஜீவாவிடமும் சொல்லுங்கள். தெரிந்துகொண்டு முடிவெடுக்கட்டும். சேர்ந்த பிள்ளைகளைப் படிப்பு முடியும்வரை கைவிடமாட்டார்கள், அது மட்டும் எழுத்தில் இருக்கிறது.

உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். நேர்முகம் நடக்கும்போது அவளைத் தனியாக விட்டு அறைக் கதவைச் சாத்திவிடுங்கள். இருபது நிமிடம்தான்.

நானும் இங்கே நடந்துகொண்டுதான் இருக்கிறேன், கராஜ் இல்லாததால் நடைபாதையில்.

மிருணா

*

நோபல் பார்க்
6 டிசெம்பர் 2025

மிருணாளினிக்கு,

என்ன கொலிஜ் நடத்துகிறீர்கள்? என்ன துணிவில் என் பிள்ளையை வேண்டாம் என்றீர்கள்?

நேற்று மின்னஞ்சல் வந்தது. "இம்முறை இடமளிக்க முடியாமைக்கு வருந்துகிறோம்" என்று இரண்டு வரி. சுஜீவா வாசித்தாள், போனை மேசையில் கவிழ்த்து வைத்தாள், அறைக்குள் போய்விட்டாள். நான் சந்தோசப்பட்டிருக்கவேண்டும். நான் கேட்டதுதானே நடந்திருக்கிறது? ஒரு நிமிடம் சந்தோசப்பட்டேன் என்றும் வைத்துக்கொள். பிறகு எனக்குப் பத்திக்கொண்டு வந்தது. என்ர பிள்ளையில என்ன குறை? இந்தப் பிள்ளையை வேண்டாம் என்றுவிட்டு வேறு யாரை எடுக்கப்போகிறார்கள்? நாங்கள் வேண்டாம் என்று சொல்லலாம். அவர்கள் எப்படிச் சொல்வார்கள்?

நேர்முகத்தில் அவள் ஒரு பிழையும் விடவில்லை. நான் சாட்சி. கதவைச் சாத்தச் சொல்லி நீ எழுதியிருந்தாய். என் வீட்டில் எந்தக் கதவைச் சாத்துவது என்று நீ சிட்னியிலிருந்து சொல்லத் தேவையில்லை. குசினியிலிருந்து ஒரு கதிரையை எடுத்துக்கொண்டு போய், கமராவில் விழாமல், அவளுக்கு நேரெதிரே இருந்தேன். ஒரு சொல் பேசவில்லை, இருமக்கூட இல்லை. கையைக் கட்டிக்கொண்டு அவளைப் பார்த்தபடியே இருந்தேன்.

ஒரு பக்கம் வாசிக்கக் கொடுத்தார்கள், வாசித்தாள். கேட்டதற்கெல்லாம் ஓம், இல்லை என்று அளவாகப் பதில் சொன்னாள். அலட்டவில்லை. பிறகு கண்ணாடி போட்ட ஒரு மனிசி கேட்டாள், நீ அண்மையில் மனம் மாறிய ஒரு விசயத்தைச் சொல் என்று. இது என்ன கேள்வி? சுஜீவா திரைக்கு மேலால் என்னை ஒருக்கால் பார்த்தாள். பிறகு, ஒன்றுமில்லை என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது. பிள்ளை என்னைப்போல, எடுத்த முடிவில் நிற்கிற ஆள். அதற்காகவா தள்ளினார்கள்?

இத்துடன் உங்கள் பீடாதிபதிக்கு நான் எழுதிய நாலு பக்க மேன்முறையீடு இருக்கிறது. கொண்டுபோய்க் கொடு. நீ குழுவில் இல்லை என்பதால் கொடுப்பதற்கு உனக்குத் தடை ஒன்றும் இல்லைத்தானே.

விக்னராஜா

*

ஆஷ்ஃபீல்ட்
13 டிசெம்பர் 2025

அன்புள்ள அண்ணா,

உங்கள் மேன்முறையீட்டை நான் கொடுக்கவில்லை. கோபிக்காதீர்கள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள், "மேற்படி கல்லூரியின் பாரபட்சமான போக்கு" என்ற இடத்தில் எனக்கே பயம் வந்தது. ஆனால் அதைக் கொடுக்கவேண்டியது சுஜீவா. அவளுக்கு நீங்கள் காட்டினீர்களா? காட்டியிருக்கமாட்டீர்கள்.

குழுவில் என்ன கதைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கேட்கவும் மாட்டேன். எனக்குத் தெரிந்ததெல்லாம் நீங்கள் எழுதியதுதான். உங்கள் கடிதத்தையே திரும்ப ஒருக்கால் வாசித்துப் பாருங்கள், அண்ணா. கதிரை போட்டு எதிரே இருந்திருக்கிறீர்கள். கையைக் கட்டிக்கொண்டு பார்த்திருக்கிறீர்கள். பன்னிரண்டு வயதில் மண்டபம் நிறைந்த சனத்தை நிற்கவைத்த பிள்ளை, உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டு ஓம், இல்லை என்று மட்டும் சொல்லியிருக்கிறாள். அவளுக்குச் சொல்ல ஒன்றுமில்லாமலா போனது? நீங்கள் அங்கே இருந்தால் நானும் ஒன்றுமில்லை என்றுதான் சொல்லியிருப்பேன். எனக்கு நாற்பத்துநாலு வயது. இந்தக் கடிதங்களில் உங்களுக்கு வாய் காட்டுவதே நீங்கள் எதிரில் இல்லாத துணிவில்தான்.

எனக்கு ஆத்திரம் வருகிறது. உங்களில் மட்டுமில்லை. நானும் விலகி நிற்கிறேன், நேர்மை என்று சொல்லிக்கொண்டு வசதியாகத் தள்ளி நின்றுவிட்டேன் போலிருக்கிறது.

ஜனவரி 17ஆம் திகதி இரண்டாவது சுற்று இருக்கிறது. நேரில் வரவேண்டும், வீடியோவில் இல்லை. பாடங்கள் தொடங்கக் கொஞ்ச நாள்தான் இருக்கும் என்பதால் முடிவை அன்றைக்கே, அந்த இடத்திலேயே சொல்லிவிடுவார்கள். முதற்சுற்றில் தவறியவர்களும் வரலாம். வருவதும் விடுவதும் அவளுடைய விருப்பம். நீங்கள் அவளிடம் சொல்லாமல் விட்டால் நான் ஒன்றும் செய்யமுடியாது.

சோதனைப் பெறுபேறு வந்திருக்குமே? எழுதுங்கள்.

மிருணா

*

நோபல் பார்க்
28 டிசெம்பர் 2025

மிருணா,

உன் கடிதத்தைக் கிழித்துப்போட்டேன். பிறகு எடுத்து ஒட்டினேன். பதில் எழுதக்கூடாது என்று இரண்டு கிழமை இருந்தேன். இப்போது எழுதாமல் இருக்கமுடியவில்லை.

பெறுபேறு வந்தது. 97க்கு மேல். பயோமெடிசினுக்கும் இடம் கிடைத்துவிட்டது. அன்றைக்கு வேலை முடிந்து வரும்போது டண்டினொங்கில் பெரிய கேக் ஒன்று வாங்கி வந்தேன். "பிள்ளை, வாங்கோ வெட்டுவம்" என்று கூப்பிட்டேன். அவள் வந்தாள். ஃபிரிட்ஜ் கதவில் ஒரு மஞ்சள் தாளை ஒட்டினாள். "நன்றி அப்பா" என்று எழுதியிருந்தது. திரும்ப அறைக்குள் போய்விட்டாள்.

உனக்கு நான் சொல்லவில்லை. அந்த மின்னஞ்சல் வந்த நாளிலிருந்து சுஜீவா என்னோடு கதைப்பதில்லை. சண்டை இல்லை, அழுகை இல்லை, கதவை அடித்துச் சாத்துவதுமில்லை. சொல்லவேண்டியதைத் தாளில் எழுதி ஒட்டுகிறாள். "பால் முடிந்துவிட்டது." "நாளை வர ஆறு மணியாகும்." "உங்கள் கண்ணாடி காருக்குள்." எல்லாம் மரியாதையாகத்தான் இருக்கிறது. தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்த வடிவான எழுத்து. அதைப் பார்க்கப் பார்க்க எனக்கு விசர் பிடிக்கிறது.

ரஞ்சினியிடம் முறையிட்டேன். "அவள் ஆரைப் பார்த்துப் பழகினவள்? கதைக்கிறேல்ல, ஆனா எழுதலாம். உங்கட சட்டம்தானே?" என்றாள்.

அந்தக் கேக்கை நான் தனிய இருந்து சாப்பிட்டேன், மிருணா. ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டு ஒரு பிள்ளை கதைக்காமல் இருந்தால் என்ன மாதிரி இருக்கும் என்று எனக்கு மூன்று கிழமையில் தெரிந்துவிட்டது. உனக்கு ஆறு வருசம். நீ தனியாக வேறு இருக்கிறாய். இதை எப்படிப் பொறுத்தாய் என்று கேட்க எனக்கு வாயில்லை.

ஜனவரி விசயத்தை இன்னும் அவளுக்குச் சொல்லவில்லை. எப்படிச் சொல்வது? நான் ஒன்று சொல்லப்போக அது கட்டளை மாதிரி வருகிறது. போ என்றாலும் கட்டளை, போகாதே என்றாலும் கட்டளை. என்ன செய்யலாம் என்று எழுது.

அண்ணா

*

ஆஷ்ஃபீல்ட்
3 ஜனவரி 2026

என் அண்ணாவுக்கு,

கடைசியில் "அண்ணா" என்று கையெழுத்து வைத்திருந்தீர்கள். அதைப் பார்த்து அழுதேன். இப்போது சுகம்.

உங்களுக்கு ஒரு விசயத்தை ஆறு வருசமாகச் சொல்லவேண்டும் என்று இருக்கிறேன். அன்றைக்கு அந்த உடுப்பு மாற்றும் அறையில் நான் பிள்ளைக்கு ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. நான் போனபோதே அவள் கதிரையில் இறுகிப்போய் இருந்தாள். அட்டியல், ஒட்டியாணம், சடைநாகம் எல்லாம் போட்டுவிட்டிருந்தார்கள், தலையைத் திருப்பமுடியாமல் இருந்தாள். "ஏன் செல்லம்?" என்று கேட்டேன். "ஒருத்தரும் என்னைக் கேக்கேல்ல, மாமி" என்றாள். என்ன கேட்கவில்லை என்றேன். "ஒண்டும். சீலை நிறம்கூட." அவ்வளவுதான் சொன்னாள். அப்பாவைக் கூட்டிவரட்டுமா என்றேன். கூட்டிவந்தால் கேட்பாரா என்றாள். கேட்பார் என்று சொல்லிக்கொண்டு நான் கதவைத் திறக்க, நீங்கள் வாசலில் கத்திக்கொண்டு நின்றீர்கள். பிறகு நடந்தது உங்களுக்குத் தெரியும்.

என்ன படிக்க விருப்பம் என்று உங்களையும் ஒருவரும் கேட்கவில்லை என்று நொவம்பர் மாதம் எழுதியிருந்தீர்கள். அந்த வரியில் பேனையை அழுத்தியிருக்கிறீர்கள், தாளின் பின்பக்கத்தில் தடம் தெரிகிறது. அப்பா உங்களைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள் என்று எனக்கும் தெரியாது. நானும் ஒரு நாளும் கேட்டதில்லை.

என்ன செய்யலாம் என்று என்னைக் கேட்டிருக்கிறீர்கள். கேட்க உங்களுக்குத் தெரிகிறதே! அதைப் போய் அவளிடம் செய்யுங்கள். போ, போகாதே இரண்டும் வேண்டாம். வாயால் வராவிட்டால் நீங்களும் ஒரு தாளில் எழுதி ஒட்டுங்கள்.

பதினேழாம் திகதி பத்து மணிக்கு நான் கல்லூரி வாசல் படியில் நிற்பேன். உள்ளே போகமாட்டேன். அவள் வந்தாலும் நிற்பேன், வராவிட்டாலும் நிற்பேன்.

மிருணா

*

உன் கொலிஜுக்கு எதிர்ப்பக்கம், காருக்குள்
17 ஜனவரி 2026

மிருணா,

நீ படியில் நிற்பது எனக்குத் தெரிகிறது. நீலச் சட்டை. தலை நரைத்துவிட்டது, எனக்கு ஒருவரும் சொல்லவில்லை. என்னைக் கண்டுவிட்டாய் என்றும் தெரியும், ஆனாலும் இந்தப் பக்கம் பார்க்காமல் நிற்கிறாய். நான் இறங்கவில்லை. சொன்ன சொல் ஒன்று இருக்கிறதே. அதனால் இருந்து எழுதுகிறேன். காரில் கிடந்தது ரஞ்சினியின் சாமான் எழுதுகிற கொப்பிதான், முன்பக்கத்தில் பருப்பு, உள்ளி என்று இருக்கும், அதை விட்டுவிட்டு வாசி.

உன் கடிதம் வந்த அன்றைக்கே தாள் ஒட்டினேன். "ஜனவரி 17 சிட்னியில் இரண்டாவது நேர்முகம் இருக்கிறதாம். போக விருப்பமா?" அரை நாள் பதில் இல்லை. நான் ஃபிரிட்ஜுக்கும் ஹோலுக்கும் நடந்து நடந்து களைத்துவிட்டேன். பின்னேரம் கீழே எழுதியிருந்தாள்: "ஏன் கேட்கிறீர்கள்?" நான் எழுதினேன்: "எனக்குத் தெரியாதபடியால்." அடுத்த நாள் காலையில் ஒரு சொல் இருந்தது. "ஓம்."

நேற்று விடிய வெளிக்கிட்டோம். அல்பெரி தாண்டும்வரை ஒரு கதை இல்லை. ஹோல்புரூக்கில் தேத்தண்ணி குடிக்க நிறுத்தினேன். அங்கே கடலே இல்லாத ஊரில், புல்லுக்கு நடுவில் பெரிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்றை வைத்திருக்கிறார்கள். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "இது இஞ்ச எப்பிடி வந்தது? வழி தவறிட்டுதோ?" என்றேன். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கப் பார்த்தாள், முடியவில்லை. "அப்பா, உங்களுக்கு விசர்" என்றாள். ஆறு கிழமைக்குப் பிறகு முதற் சொல். ஏச்சுத்தான். எனக்கு அந்த இடத்தில் நின்று ஆடவேண்டும் போலிருந்தது.

பிறகு கேட்டேன். "அண்டைக்கு அந்த மனிசி, மனம் மாறின விசயம் எண்டு கேட்டவ. உண்மையில என்ன சொல்ல நினைச்சனி?" "சாமத்தியவீடு" என்றாள்.

அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அது எனக்கு அண்டைக்கு வெறுப்பு, அப்பா. ஆனா போன வருசம் வீடியோவைப் போட்டுப் பார்த்தன். எல்லாரும் எவ்வளவு சந்தோசமா இருக்கினம். அம்மா அப்பிடிச் சிரிச்சு நான் பார்த்ததில்ல. இஞ்ச எல்லாரும் ஷிஃப்ட்டுக்குப் போய்ப் போய் ஆளையாள் காணாத சனம், அண்டைக்கு ஒரு நாள் எனக்காக ஒண்டா நிண்டிருக்கினம். அது பிழையில்ல எண்டு இப்ப நினைக்கிறன். என்னைக் கேட்டிருந்தா ஓம் எண்டுதான் சொல்லியிருப்பன்."

இதை ஏன் அன்றைக்குச் சொல்லவில்லை என்று கேட்டேன். "நீங்க முன்னால இருந்தீங்களே. நான் அதைச் சொன்னா நீங்க 'பார்த்தியா, நான் அப்பவே சொன்னனான்' எண்டுவீங்க. பேந்து அது என்ர இல்லாமப் போயிடும், உங்கட ஆயிடும்."

மிருணா, உன்மேல் சத்தியமாக, அந்தச் சொல் என் வாய்க்குள் வந்து நின்றது. பார்த்தியா என்பது பல்லுக்குப் பின்னால் வந்துவிட்டது. தேத்தண்ணியோடு சேர்த்து விழுங்கினேன். வெளிநாட்டுக்கு வந்து இத்தனை வருசத்தில் இதைவிடக் கஷ்டமான காரியம் நான் செய்ததில்லை.

அதன்பிறகு கோல்பேர்ன்வரை கதைத்தாள். உங்கள் கொலிஜைப் பற்றி, கூரை ஒழுகுவதைப் பற்றி, அங்கே போனாலும் பிறகு மெடிசினுக்கு எழுதலாம், எழுதாமலும் விடலாம் என்பதைப் பற்றி. பாதி எனக்கு விளங்கவில்லை. விளங்காததை "அது எப்படி?" என்று கேட்டேன். உங்கள் மேசையில் கேட்பது போல. விருப்பமில்லாத இடமும் இருந்தது, சண்டையும் பிடித்தோம். நடுவில் பெற்றோல் அடிக்க மறந்துவிட்டேன். அவள் திரும்பி என்னைப் பார்த்து, "நீங்க என்ன படிக்க ஆசைப்பட்டனீங்கள், அப்பா?" என்றாள். ஐம்பத்திரண்டு வயதில் முதல் தடவையாக ஒருத்தி கேட்கிறாள். சொன்னேன். உனக்கு எழுதமாட்டேன், அதை நேரில்தான் சொல்லலாம்.

இப்போது பத்தேமுக்கால். நீ படிக்கு வருமுன்னமே அவளைத் தனியாக உள்ளே அனுப்பிவிட்டு இங்கே இருக்கிறேன். கதிரை எடுத்துக்கொண்டு போகவில்லை. ஆனால் உள்ளுக்குள் என்ன நடக்கிறதோ என்று ஸ்டியரிங்கைப் பிடித்து நெரித்துக்கொண்டிருக்கிறேன். கிடைத்தால் என் பிள்ளை என்னை விட்டுப் போய்விடுவாள். கிடைக்காவிட்டால் அந்தக் கட்டிடத்தை நான் என்ன செய்வேன் என்று எனக்கே தெரியாது. இரண்டில் எது வேண்டும் என்று என்னைக் கேட்காதே.

கதவு திறக்கிறது. வேறு யாரோ பொடியன்.

திரும்பவும் திறக்கிறது. சுஜீவா.

மெதுவாகத்தான் வருகிறாள். முகம் தெரியவில்லை. படியில் உன்னைக் கண்டு நிற்கிறாள். உன்னிடம் ஏதோ சொல்கிறாள். நீ வாயைப் பொத்துகிறாய். இப்போது அவள் உன்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு குதிக்கிறாள். ஆறு வருசம் காணாத மாமியைக் கட்டிப்பிடித்துக் குதிக்கிறாள், ஒன்பது மணித்தியாலம் கார் ஓட்டிக்கொண்டு வந்தவன் இங்கே இருக்கிறேன். கிடைத்துவிட்டது. கிடைத்துவிட்டது, மிருணா. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை, வயிற்றெரிச்சலும் தாங்கவில்லை.

இரண்டு பேரும் காரைப் பார்க்கிறீர்கள். அவள் கையைக் காட்டிக் கூப்பிடுகிறாள். நீ கூப்பிடவில்லை. நீ கையைக் கட்டிக்கொண்டு, என்னைப் போலவே, பார்த்துக்கொண்டு நிற்கிறாய்.

இதைத் தபாலில் போட இங்கே பெட்டியும் இல்லை, என்னிடம் முத்திரையும் இல்லை. கையில்தான் தரவேணும். தரும்போது ஏதாவது சொல்லத்தானே வேணும்.

கொப்பியை மூடுறன். இறங்கி வாறன்.

அண்ணா